யார் போட்டது என்று கேட்காத நோலா

என் வாழ்நாளில் நான் பிடித்த மிகப் பெரிய கிழங்கான் மீனை நோலா ட்ரெவனியன் ஊரறியத் தூக்கி எறிந்தாள். மீனை அல்ல, அவள் நடத்திய இணையதளத்தில் நான் போட்ட மீனின் படத்தை. அது இன்னும் மோசம். மீனை எறிந்திருந்தால் இன்னொன்று பிடித்திருப்பேன். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் சிரித்த படம் உலகத்தில் அது ஒன்றுதான். கல்யாணப் படத்தில்கூட வெயில் கண்ணில் அடித்து, வேறு எவனோ கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நிற்பேன்.

எறிந்ததோடு விட்டாளா? படம் இருந்த இடத்தில் ஒரு வரி எழுதி வைத்தாள்: "டோஸர், இது லிங்க் போடுற இடம். லிங்க்னா அமுக்கினா எங்கயாவது போகணும். உன் மீன் எங்க போகுது?"

அந்த வரியை ஊரே ஓட்டுப் போட்டு மேலே தூக்கிவிட்டது. தூக்கியவர்களில் பாதிப் பேர் கடற்பாலத்தில் என் பக்கத்தில் நின்று தூண்டில் போடுகிறவர்கள், என் டப்பாவிலிருந்து இரை எடுத்துப் போட்டவர்கள். நோலா இப்போது உயிரோடு இல்லை. கோபம் இருக்கிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அங்கேதான் ஆரம்பிக்க வருகிறது.

போர்ட் கார்னெட் குப்பைமேட்டின் வாசலில் ஒரு தகரக் கொட்டகை. ஊர் எறிவதில் உருப்படியானதைப் பொறுக்கி வைத்து விற்கும் கடை. இடம் கவுன்சிலுடையது, அவர்கள் கொடுத்த அனுமதியிலும் சின்னச் சம்பளத்திலும் கடையை நடத்தியது நோலா. கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் டோஸர் ஓட்டுகிறவன் நான். என் பெயரே அதுதான் ஆகிவிட்டது; சொந்தப் பெயர் வரி ஆபீசுக்கு மட்டும் தெரியும். அவள் வைத்துக்கொண்டது விற்கும், அவள் தள்ளிவிட்டதை நான் நசுக்குவேன். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி ஒற்றுமையாக வேலை பார்த்தோம். அவளுடைய புருஷன் வெர்ன் மேற்கே இரும்புச் சுரங்கத்துக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். நோலா அதைப் பத்து சென்ட் கூடையில் போட்டு விற்றுவிடுவாள்.

நோலா பார்லி வயல்காரன் மகள். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டாள், மீன் கம்பெனியில் கணவாய் சுத்தம் செய்தாள், கடைசியில் குப்பைக்கு வந்தாள். "மூணுலயும் இதுதான்டா கம்மி நாத்தம்" என்பாள். வாயில் எப்போதும் தானே சுருட்டிய சிகரெட் இருக்கும். கம்ப்யூட்டர் வேலையை எங்கே கற்றாள் என்று அடிலெய்டிலிருந்து வந்த ஒரு பெண் கேட்டாள். "நீங்க தூக்கி எறிஞ்சதுல" என்றாள் நோலா. அவ்வளவுதான் பதில்.

கடை வாசலில் சிவப்பு பெயின்டில் ஒரு பலகை உண்டு: யார் போட்டது என்று கேட்காதே. அதற்குக் காரணம் இருந்தது. கடை திறந்த புதிதில் பாதிரியார் வீட்டிலிருந்து மூன்று பெட்டி ஒயின் கிளாஸ் வந்தது. எடை குறைப்பு சங்கத்தின் தலைவி வீட்டிலிருந்து, ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத, நின்ற இடத்திலேயே ஓடிப் பழகும் எந்திரம் வந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஊர் ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிட்டது. அந்த இரண்டு பேரும் பிறகு குப்பைகூடப் போட வரவில்லை, வீட்டிலேயே எரித்தார்கள். அன்றைக்கு எழுதிய பலகை அது. சாமான் நன்றாக இருந்தால் எடு, இல்லாவிட்டால் விடு, கொண்டுவந்தவன் மூஞ்சியைத் தேடாதே. மூன்று வாரமாக எவனும் தொடாத சாமான் என் பள்ளத்துக்கு வரும். எவ்வளவு பெரிய ஆள் கொடுத்ததாக இருந்தாலும் சரி.

இனி ராய்ஸ் பெங்கெல்லிக்கு வர வேண்டும். வராமல் விட்டால் அவனே வந்துவிடுவான்.

வீட்டுமனை விற்கிறவன், கவுன்சில் உறுப்பினர், எல்லோரும் இருக்கும் அந்தப் பெரிய சோஷியல் மீடியாவில் 'நம்ம போர்ட் கார்னெட்' என்ற குழுவுக்குச் சொந்தக்காரன். ஊரில் இருக்கும் ஜனத்தைவிட அந்தக் குழுவில் ஆள் அதிகம். காலையில் ராய்ஸ் காபி குடிப்பான், இருநூறு இதயம். மத்தியானம் கறி வைத்துச் சுட்ட பேஸ்டி தின்பான், முந்நூறு இதயம். ராய்ஸின் நாய்க்குப் பிறந்தநாள் வந்தால் அன்றைக்கு ஊரில் வேலை ஓடாது. பேஸ்டி நன்றாக இருந்ததா, யார் சுட்டது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. தின்றது ராய்ஸ், அது போதும்.

ஒருநாள் நோலா அந்தக் குழுவில் ஒரு லிங்க் போட்டாள். ஒரு வகை மின் ஹீட்டர் தீப்பிடிக்கிறது, உடனே திருப்பிக் கொடுங்கள் என்று அரசாங்கம் வெளியிட்ட எச்சரிக்கை. கடைக்கு அந்த ஹீட்டர் நிறைய வந்துகொண்டிருந்ததால் தேடிப் பிடித்திருந்தாள். அதற்கு இரண்டு இதயம் விழுந்தது. ஒன்று என்னுடையது. இன்னொன்று கை தவறி விழுந்தது என்று போட்டவனே மன்னிப்புக் கேட்டான். அன்று நாயின் பிறந்தநாள். எச்சரிக்கை நாய் கேக்குக்கு அடியில் போய் எங்கேயோ புதைந்தது. அடுத்த வாரம் மெர்ல் ஹோஸ்கிங் வீட்டுக் கூடம் அதே ஹீட்டரால் பாதி எரிந்தது. குழுவில் மெர்லுக்காக ஐந்நூறு அழுத முகம். ராய்ஸ் எரிந்த சோபாவுக்கு முன்னால் மெர்லைத் தோளோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டான். அதற்கு எழுநூறு.

நோலா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கடைக்குள் போய், டோஸ்டர் அடுக்குக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டரை இழுத்து வைத்து வேலையை ஆரம்பித்தாள். குளிர்காலம் முடிவதற்குள் 'மேடு' என்ற இணையதளம் வந்துவிட்டது. குப்பைமேட்டின் விதிகள்தான் அதற்கும். எங்கேயாவது படித்த, பார்த்த நல்ல விஷயத்தின் லிங்க்கைக் கொண்டுவந்து போடு. பிடித்தவர்கள் மேல் அம்பைக் குத்துவார்கள், பிடிக்காதவர்கள் கீழ் அம்பை. குத்து வாங்கியது மேலே ஏறும், வாங்காதது முங்கும். கொண்டுவந்தவன் யாராக இருந்தால் என்ன?

முதல் ஆளாக மெர்ல்தான் வந்து நின்றாள்.

"இதுல என் பூனை படம் எங்க போடறது, நோலா?"

"போட முடியாது."

"பிறந்தநாள் வாழ்த்து?"

"அதுவும் முடியாது."

"சரி, என் ஃப்ரெண்ட்ஸ் யாரு யாருன்னு எங்க காட்டும்?"

"காட்டாது. இங்க யாருக்கும் யாரும் ஃப்ரெண்ட் இல்ல, மெர்ல்."

"அடக் கடவுளே. அப்ப எந்தப் பைத்தியம் வரும் இதுக்கு?"

"எவனோ ஒருத்தன் நல்ல விஷயம் ஒண்ணு கண்டுபிடிச்சுப் போட்டிருப்பான். அதைப் படிக்க வரும்."

"யாரு போட்டான்னு தெரியாமலா?"

"போன மாசம் இங்க டீப்பாட் வாங்கினியே, அது யாருதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"டீ வரலையா?"

மெர்ல் யோசித்தாள். "டீ நல்லாத்தான் வருது" என்று ஒப்புக்கொண்டு போய்விட்டாள்.

ஆரம்பமே கோணல். சொந்தப் பெயர் வேண்டாம், ஆளுக்கொரு பொய்ப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று நோலா அறிவித்தாள். எங்கள் ஊரில் சொந்தப் பெயரில் எவனைக் கூப்பிடுகிறோம்? பொய்ப் பெயர் என்றதும் ஊரே ஒன்றுபோலத் தன் பட்டப்பெயரை எழுதியது. செம்பட்டைத் தலை என்பதாலேயே கிண்டலாக 'நீலன்' என்று பெயர் வாங்கிய 'புளூயி' தன்னைப் புளூயி என்று மறைத்துக்கொண்டான். ஆறரை அடி உயரமுள்ள 'குட்டி' குட்டி என்ற பெயருக்குள் ஒளிந்தான். நானும் யோசித்து யோசித்து, யாரும் கண்டுபிடிக்கக்கூடாது என்று 'டோஸர்' என்று வைத்தேன். சொந்தப் பெயரைக் கொடுத்திருந்தால் ஒருத்தனுக்கும் தெரிந்திருக்காது.

முதல் வாரம் மேடு ராய்ஸ் குழுவின் தங்கச்சியாக நடந்தது. புளூயி போட்டது என்பதால் புளூயியின் மச்சான்கள் குத்தினார்கள். குட்டி போட்டது என்பதால் குட்டியிடம் உதை வாங்கியவர்களும் குத்தினார்கள். அந்த வாரத்தில்தான் என் மீன் வந்தது, போனது.

மறுவாரம் நோலா எல்லாப் பெயரையும் அழித்தாள். கவுன்டரில் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பா வந்தது. உள்ளே மடித்த சீட்டுகள். ஒவ்வொன்றிலும் கடையில் கிடக்கும் ஒரு சாமானின் பெயரும் ஒரு ரகசியச் சொல்லும் இருக்கும். டப்பாவைக் குலுக்குவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நீங்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். மூடியில்லாத கெட்டில். ஒற்றை ரப்பர் பூட்ஸ். நின்றுபோன கடிகாரம். யார் எது என்று அவளுக்கே தெரியாது. எனக்கு வந்ததை இங்கே எழுத மாட்டேன். பல் போன ஒரு சாமான் என்று மட்டும் சொல்லலாம்.

அதற்குப் பிறகு மேடு ஓடியது. பார்லிக்கு வரும் பூஞ்சையைப் பற்றி கனடாக்காரன் எழுதியது மேலே ஏறியது. கணவாய் ஏன் நிலா இல்லாத நாளில் கரைக்கு வருகிறது என்ற ஒன்று மேலேயே நான்கு நாள் நின்றது. வேலித் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் மேட்டில் ஒருத்தனை ஒருத்தன் "உங்கள் அறிவுக்கு வணக்கம்" என்று பாராட்டிக்கொண்டார்கள். அவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது. எழுதும் நடையை வைத்து எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நல்ல நட்பு கெட்டிருக்கும்.

மேடு சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். அங்கே இருந்தவர்கள் எலுமிச்சம்பழம் கடித்த மூஞ்சிக்காரர்கள். ஒரு கேள்வி கேட்டால், "இது போன வருஷமே வந்தது, தேடிப் பார்க்கத் தெரியாதா?" என்று பதில் வரும். நல்லது சொன்னால் ஆதாரம் கேட்பார்கள், ஆதாரம் கொடுத்தால் ஆதாரத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். என் நாய் செத்தபோது ராய்ஸ் குழுவில் இருநூறு அழுத முகம் கிடைத்தது. மேட்டில் ஒன்றும் கிடைக்காது, அங்கே போடவும் முடியாது. நான் அந்த இருநூறையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நோலா மண்வெட்டியோடு வந்தாள். "இருநூறு பேர்ல எவனாவது குழி வெட்ட வந்தானா?" என்றாள். வெட்டினாள், மூடினாள், ஒரு சிகரெட் பிடித்தாள், போய்விட்டாள். அன்றைக்குக்கூட மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு மூடியில்லாத கெட்டில் ஒரு லிங்க் போட்டது.

ராய்ஸ் அப்போது கடற்கரையை ஒட்டி மனை போட்டிருந்தான். 'அலைக்கரை' என்று பெயர். அலை எவ்வளவு கிட்டத்தில் என்பதைத்தான் கெட்டிலின் லிங்க் காட்டியது. மாநில அரசின் கடல்மட்ட வரைபடம். ஊர்ப் பெயரை அமுக்கினால் கடல் பொங்கும் பெரும் ஓதத்தில் எதுவரை தண்ணீர் வரும் என்று நீலமாகத் தெரியும். ராய்ஸின் மனையில் நிறைய நீலம் இருந்தது. அன்று மாலைக்குள் அது மேட்டின் உச்சியில் நின்றது. ராய்ஸ் தன் குழுவில் மனை முன்னால் நின்று கட்டைவிரல் உயர்த்திய படம் போட்டான். நானூறு இதயம். மனை வாங்க முன்பணம் கட்ட இருந்த இரண்டு பேரும் அதற்கு இதயம் போட்டார்கள். போட்டுவிட்டு மேட்டைப் படித்தார்கள், கட்டாமல் போனார்கள்.

ராய்ஸ் கொட்டகைக்கு வந்தான். நான் அப்போது கவுன்டரில் சாய்ந்து அட்டைப் பெட்டி ஐஸ் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"நோலா கண்ணு, எப்படி இருக்கே?"

"உயிரோட. என்ன வேணும்?"

"அந்தக் கெட்டில் யாரு?"

நோலா அலமாரியைக் காட்டினாள். "அதோ, ரெண்டாவது தட்டுல. ரெண்டு டாலர். மூடி கிடையாது."

"விளையாடாதே. யாரு போட்டதுன்னு கேக்கறேன்."

"வெளிய பலகை இருக்கு ராஜா, படிச்சுட்டு வா."

ராய்ஸின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "இந்தக் கடைக்கு அடுத்த மாசம் கவுன்சில்ல அனுமதி புதுப்பிக்கணும். தெரியும்ல? அடிலெய்ட் கம்பெனி ஒண்ணு இந்த இடத்தைக் கேக்குது. சாமான் விக்கிற தொந்தரவே இல்ல, எல்லாத்தையும் நேரா பள்ளத்துல தள்ளிடுவாங்க. டோஸருக்கும் வேலை ஜாஸ்தி. என்ன நண்பா, சரிதானே?"

"எனக்கு இருக்கிற வேலையே போதும்" என்றேன்.

"எனக்குப் பேரு வேணும் நோலா. பேரு வந்தா அனுமதி வரும்."

கடை போனால் நோலாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அந்த வயதில் கணவாய் சுத்தம் செய்யத் திரும்பிப் போக முடியாது. கம்ப்யூட்டர் இருந்ததும் கடையின் மின்சாரத்தில், கடையின் அலமாரியில். கடை போனால் மேடும் போகும். அவளுக்கு அது தெரியும், ராய்ஸுக்கும் தெரியும். நோலா சிகரெட்டை அணைத்தாள்.

"எனக்கே தெரியாத பேரை எப்படித் தர்றது? ஒண்ணு செய். அந்த வரைபடம் தப்புன்னா நீயே மேட்டுல வந்து பதில் சொல்லு." டப்பாவைக் குலுக்கி நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் எதுக்கு சீட்டு எடுக்கணும்? என்னை எல்லாருக்கும் தெரியும்."

"அதான் உன் வியாதி. எடு."

ராய்ஸ் எடுத்தான். பிளாஸ்டிக் பூச்சாடி என்ற பெயரில் அன்றே மேட்டுக்கு வந்தான். என்ன போட்டான் தெரியுமா? தன் படத்தை. மனையில் நின்று கடலைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கும் ராய்ஸ். 'என்னை நம்புங்கள்' என்று தலைப்பு. ரகசியப் பெயரை எடுத்துக்கொண்டு போய் அதில் தன் மூஞ்சியை ஒட்டியவன் உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

நோலா அதை நீக்கினாள். நீக்கிய இடத்தில் எழுதினாள்: "லிங்க்னா அமுக்கினா எங்கயாவது போகணும். இவர் எங்க போறாரு?"

நான் டோஸரை நிறுத்திவிட்டு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று ஒருநாள் என் மீன் தனியாக இல்லை.

மறுநாள் ராய்ஸ் சிவந்த முகத்தோடு வந்தான். "நானூறு பேரு அங்க ரசிச்ச படம் அது!"

"அங்க உன்னை ரசிச்சாங்க. இங்க நீ கொண்டுவந்ததைத்தான் பார்ப்பாங்க. நீ ஒண்ணும் கொண்டுவரலையே. பூச்சாடி யாருன்னு இப்ப ஊருக்கே தெரியும், அது செல்லாது. வேற எடு."

இரண்டாவது சீட்டைப் பிரித்தவன் வாய்விட்டே படித்தான். "ஓட்டை வாளியா? இது என்ன அவமானம்!"

நோலா இருமினாள். நான் ஐஸ் காபிப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கவனமாகப் படித்தேன். இப்போது நான் இதை எழுதுவது அவளுடைய விதிக்கு விரோதம்தான். ஆனால் போன கிறிஸ்துமஸ் விருந்தில் ராய்ஸே நான்காவது பீருக்குப் பிறகு நாற்காலிமேல் ஏறி ஊருக்கு அறிவித்துவிட்டான்.

ஓட்டை வாளி முதலில் தன் மனையைப் புகழ்ந்து ஒரு பத்திரிகையில் வந்ததைப் போட்டது. கீழே கீழே போய்ப் பள்ளத்தையே தொட்டது. கெட்டில் வந்து எழுதியது: "விளம்பரம் ஒட்ட ஊரில் வேறு சுவர் இருக்கிறது." ராய்ஸ் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரித்தும் ஒன்றும் கிடைக்காத இடத்தைப் பார்த்தான். அவன் பெயரைச் சொல்ல முடியாது, நாயைக் கூட்டிவர முடியாது, யாரையும் தோளோடு அணைக்க முடியாது. நாலு நாள் தூங்கவில்லை என்று அவன் மனைவியே கடையில் வந்து சொன்னாள்.

ஐந்தாம் நாள் ஓட்டை வாளி ஒரு கனமான சரக்கைக் கொண்டுவந்தது. மனைக்காகக் கடல் சுவரைப் பற்றி எஞ்சினியர்கள் கொடுத்த அறிக்கை. கவுன்சிலின் இணையதளத்தில் யாரும் போகாத மூலையில் கிடந்தது. ராய்ஸ் முதல் பக்கத்தை மட்டும் படித்திருந்தான். அதில் சுவர் உறுதியானது என்று இருந்தது. மேட்டுக்காரர்கள் மொத்தத்தையும் படித்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. பின்வரிசை மனைகளுக்குப் பயமில்லை, முன்வரிசையை இருபது வருஷத்தில் கடல் எடுத்துக்கொள்ளும் என்று உள்ளே தெளிவாக எழுதியிருந்தது. அறிக்கை கிடுகிடுவென்று மேலே ஏறியது. கெட்டிலே வந்து எழுதியது: "இந்த மாதம் இங்கே வந்ததில் இதுதான் சரக்கு. தேடிக் கொண்டுவந்த வாளிக்கு நன்றி."

ராய்ஸ் மறுநாள் கடைக்கு வந்தான். ஒன்றும் வாங்காமல் கெட்டில் அடுக்குக்கும் வாளி அடுக்குக்கும் நடுவில் நின்றான்.

"டோஸர், நண்பா. மேடு பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அந்த அறிக்கை... எவனோ வாளியாம். நல்லாத் தேடியிருக்கான்ல?"

"எவனா இருந்தாலும் கெட்டிக்காரன்" என்றேன். எனக்கும் விளையாட வேண்டும் அல்லவா?

ராய்ஸின் காது சிவந்தது. காபிக்கும் பேஸ்டிக்கும் நாய்க்கும் வாங்கிய அத்தனை ஆயிரம் இதயத்திலும் நான் பார்க்காத சந்தோஷம் அந்த முகத்தில். முன்வரிசை மனை ஒவ்வொன்றும் விலை விழுந்துகொண்டிருந்தது, விழவைத்தது அவனேதான், அது அவனுக்குத் தெரியும். அடுத்த வாரம் யாரோ "அந்தச் சுவரின் வரைபடம் கிடைக்குமா?" என்று கேட்டதற்கு அதையும் தேடி எடுத்துக்கொண்டு வந்து போட்டான். இன்னும் ஏறியது.

"தன் வீட்டைத் தானே கொளுத்தி, வெளிச்சம் நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா சந்தோஷப்படுற ஆளு" என்றாள் நோலா. அவளும் அதற்கு மேல் அம்பு குத்தியிருந்தாள். சரக்கு நல்ல சரக்கு.

கவுன்சில் கூட்டத்தன்று நோலா சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். அடிலெய்ட் கம்பெனி ஆள் கோட்டு மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். நோலாவின் கை சிகரெட் இல்லாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. கடை விஷயம் வந்ததும் தலைவர் ராய்ஸைப் பார்த்தார், ஏனென்றால் கடையை மூட வேண்டும் என்று போன கூட்டத்தில் குதித்தவன் அவன்தான்.

ராய்ஸ் எழுந்தான். தொண்டையைச் செருமினான். "நான் மறுபடி யோசிச்சேன். அந்தக் கொட்டகை ஒரு ஊர்ச் சொத்து. அங்க... மக்கள் நல்ல சாமான் கொண்டுவர்றாங்க. அதை மதிக்கிறவங்களும் இருக்காங்க." குரல் கொஞ்சம் உடைந்தது. "மூடக்கூடாது."

கோட்டு ஆள் திரும்பி அவனைப் பார்த்த பார்வைக்கு நான் காசு கொடுத்திருப்பேன். அனுமதி ஐந்து வருஷத்துக்கு வந்தது.

வெளியே வந்து நோலா ஒரு சிகரெட் சுருட்டினாள். "அவனுக்குக் கடைமேல பாசம்னு நினைக்காதே. கடை போனா வாளி போயிடும். அதான்" என்றாள். முன்வரிசை மனைகளை ராய்ஸ் கடைசியில் பூங்காவாக்கி ஊருக்கே கொடுத்துவிட்டான். விற்காததை வேறென்ன செய்வது? திறப்பு விழாப் படத்துக்கு அவன் குழுவில் ஆயிரம் இதயத்துக்கு மேல் விழுந்தது. மேட்டில் அது வரவே இல்லை. கெட்டில் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஐந்து வருஷமும் முடிவதற்குள் நோலாவின் நுரையீரல் முடிந்தது. சிகரெட்டைக் குறை சொன்னார்கள், குப்பைத் தூசியைக் குறை சொன்னார்கள். "ராய்ஸ் குழுவைப் படிச்சதுலயும் இருக்கும்" என்றாள் அவள். டப்பாவையும் கம்ப்யூட்டரையும் மெர்லிடம் ஒப்படைத்தாள். மெர்ல் இப்போது பூனைப் படம் போடுகிறவர்களை ஈவு இரக்கமில்லாமல் நீக்குகிறாள்.

ஆஸ்பத்திரிக்கு நான் சனிக்கிழமை மத்தியானங்களில் போவேன். மூக்கில் குழாய், ஜன்னல் வழியே கார் நிறுத்தும் இடம். அவள் படுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் ராய்ஸ் குழுவில் இதயமும் மெழுகுவத்தியும் குவிந்தன. ராய்ஸ் மட்டும் படம் எடுக்காமல் ஒரு பேஸ்டி வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். யார் வைத்தது என்று சொல்ல வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னானாம்.

கடைசியாகப் போனபோது நான் கேட்டுவிட்டேன். "நோலா, அந்த மீன் பெரிசா இல்லையா, சொல்லு."

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "பொரிச்சா ரெண்டு பேருக்குப் போதும்" என்றாள்.

"ரெண்டு பேருக்கா? ஆறு பேர் தின்னோம்!"

"அதைச் சொல்ற லிங்க் எதுவும் இருக்கா?" சிரிக்க முயன்று இருமினாள். இருமல் நின்றதும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"டோஸர், ஒரு வேலை சொல்றேன், செய். நான் போனதும் ராய்ஸ் குழுவுல என் படத்தைப் போட்டு அழுவாங்க. அதை உன்னால தடுக்க முடியாது, விட்டுடு. மேட்டுல மட்டும் ஒண்ணும் எழுதக்கூடாது. என் படம் வரக்கூடாது, பேரு வரக்கூடாது."

"பின்ன அங்க இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வேலைக்கு ஆள் தேவைன்னு கவுன்சில் அவங்க இணையப் பக்கத்துல விளம்பரம் போடுவாங்க. வேற எதுல தாமதமானாலும் அதுல ஆகாது. அந்த லிங்க்கை எடுத்துப் போடு. வெறும் லிங்க். அமுக்கினா எங்கயாவது போகும்ல?"

"மேல ஏறுமா?"

"சம்பளம் கம்மி. பார்க்கலாம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணு. நீ அதுக்கு மேல் அம்பு குத்தாதே. தெரிஞ்சவன் குத்தினா கணக்குல சேராது."